முழங்கால் ஊசியும் மூட்டு நாரின் வலிமையும்

கூட்டுறவுச் சங்கங்களின் கணக்கேடுகளைப் பார்வையிடுவதே எனக்கு விதிக்கப்பட்ட பணி. அத்தகைய ஒருவன் முழங்காலைப் பற்றியும் அதில் போடப்படும் ஊசியைப் பற்றியும் எழுதப் புகுவது பொருந்துமா என்று அங்கத்தினர்கள் வினவக்கூடும். வினவுவது நியாயமே. ஆயினும் இக்கட்டுரைக்கு வித்திட்டது ஒரு சங்கத்தின் கூலிப் பதிவேடேயாதலின், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

எனது சரகத்திலுள்ள நெசவாளர் சங்கமொன்றில் ஏடுகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, ஓர் அங்கத்தினரின் பெயருக்கு நேரே இருந்த எண்கள் என் கண்ணை நிறுத்தின. பல ஆண்டுகளாக மாதந்தோறும் நான்கு சேலை தவறாமல் ஒப்படைத்து வந்தவர் அவர். ஆடி மாதத்தில் அது இரண்டாகக் குறைந்திருந்தது. ஆவணியில் மறுபடியும் நான்கு. புரட்டாசியில் மூன்று. ஐப்பசியில், அதாவது தீபாவளிக்கென்று தறிகளெல்லாம் ஓய்வின்றி ஓடும் காலத்தில், ஒன்றே ஒன்று. அதன் பின்னர் வெறும் கோடு. “பாவு வாங்கவில்லையா?” என்று செயலாளரைக் கேட்டேன். “பாவு தறியிலேயே இருக்கிறது, சார், அவருக்குக் கால்தான் இல்லை” என்றார் அவர்.

மாலையில் அந்த அங்கத்தினரின் வீட்டுக்குச் சென்றோம். வயது ஐம்பத்தாறு. வலது முழங்கால் வீங்கியிருந்தது. ஆடியில் வலி பொறுக்கமாட்டாமல் முட்டிக்குள் ஊசி போட்டுக்கொண்டாராம். மறுநாளே தறிக்குழியில் இறங்கியிருக்கிறார்; இரண்டொரு நாளில் வலி விட்டுப்போகவே, அந்த உற்சாகத்தில் வழக்கத்துக்கு மேலாகவும் மிதித்திருக்கிறார். ஆறு வாரத்தில் வலி திரும்பியது. மறுபடியும் ஊசி; தீபாவளிக்கு முன் மூன்றாவது ஊசி. என்ன மருந்து போட்டார்கள் என்று கேட்டதற்கு, “வலி ஊசிங்க, சார்” என்பதே விடை. சீட்டு ஏதும் இல்லை. பின்னர் அரசு மருத்துவமனையில் படம் எடுத்துப் பார்த்ததில், குருத்தெலும்பு தேய்ந்திருப்பதும், முழங்காலின் உட்பக்கத்து நார் பாதி கிழிந்திருப்பதும் தெரியவந்தன.

ஊசியினால்தான் நார் கிழிந்தது என்று நான் கூற வரவில்லை. ஒருவர் உடம்பைக் கொண்டு பொதுவிதி வகுத்தல் ஆகாது. ஆனால் அன்று முதல் ஒரு கேள்வி என்னை விடவில்லை. வலியைப் போக்கும் அந்த மருந்து, மூட்டைத் தாங்கும் நாரின் வலிமையை என்ன செய்கிறது? கல்லூரியில் பௌதிகம் பயின்ற காலத்தில் கம்பியில் எடைகளைத் தொங்கவிட்டு, அது நீள்வதையும் அறுபடுவதையும் அளந்தவன் நான். அதே முறையில் முழங்கால் நாரையும் அளந்திருக்கிறார்கள் என்று அறிந்தபோது வியப்பும் ஆவலும் உண்டாயின. கற்றவற்றை இங்கே தருகிறேன்.

நாரும் நூலும்

இடுப்பு மூட்டில் ஆழமான கிண்ணம் ஒன்று உண்டு. தொடை எலும்பின் தலை அதற்குள் அடங்கி நிற்கிறது. முழங்காலிலோ அத்தகைய கிண்ணம் கிடையாது. தொடை எலும்பு கீழ்க்கால் எலும்பின் மீது ஏறத்தாழச் சமதரையில் அமர்ந்திருக்கிறது. அது வழுக்கி விலகாமல் காப்பவை சுற்றிலுமுள்ள தசைகளும், எலும்பை எலும்போடு பிணைக்கும் நார்களுமே. இந்நார்களை டாக்டர்கள் லிகமெண்ட் என்பர்; நாம் பிணைநார் என்று வழங்குவோம். இவற்றுள் பிரதானமானவை நான்கு. உட்பக்கத்தில் ஒன்று, வெளிப்பக்கத்தில் ஒன்று, மூட்டின் நடுவே பெருக்கற்குறி போல் ஒன்றையொன்று கடந்து செல்பவை இரண்டு. எலும்பு நுனிகளில் வழவழப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. மூட்டைச் சூழ்ந்த சவ்வு அதற்கு எண்ணெய் போன்ற நீரைச் சுரந்து தருகிறது.

பிணைநாரின் அமைப்பை நெசவாளர்க்கு விளக்குவது எளிது. கொலாஜன் என்னும் புரத இழைகள் ஆயிரக்கணக்கில் ஒரே திசையில் அடுக்கப்பட்ட கற்றை அது. ஓய்வில் இருக்கும்போது அவ்விழைகள் நேராக இல்லாமல் சிற்றலை போல் நெளிந்திருக்கும். ஒரு சிட்டம் நூலை இரு கையாலும் பற்றி இழுத்துப் பாருங்கள். முதலில் நெளிவு நிமிர்கிறது. அதற்கு அதிக பலம் வேண்டுவதில்லை. நிமிர்ந்த பின்னரே நூல் கையை எதிர்க்கிறது. மேலும் இழுத்தால் இங்கோர் இழை அங்கோர் இழை என்று அறுந்து, முடிவில் கற்றை முழுதும் விட்டுவிடுகிறது. பிணைநாரும் அவ்வண்ணமே நிமிர்ந்து, எதிர்த்து, இழை இழையாக அறுபடுவதாகும்.

அது எவ்வளவு எடை தாங்கும்? 1991-இல் ஊ என்ற அறிஞரும் அவருடன் பணியாற்றியவர்களும் அமெரிக்காவில் வெளியிட்ட ஆராய்ச்சியில், இறந்தோரின் முழங்கால்களிலிருந்து முன்குறுக்குப் பிணைநாரை இருபுறத்து எலும்புடன் எடுத்து, இயந்திரத்தில் பூட்டி அறுபடும்வரை இழுத்தார்கள். 22 முதல் 35 வயதுக்குட்பட்டோரின் நார் சராசரியாக 220 கிலோ எடைக்கு நிகரான இழுவையைத் தாங்கியது. 60 வயதைக் கடந்தோரின் நாரோ ஏறத்தாழ 67 கிலோவிலேயே அறுந்தது. வயது முதிர முதிர எவ்வளவு குறைந்த கையிருப்பைக் கொண்டு நாம் நடக்கிறோம் என்பது இதனால் விளங்கும். ஐம்பத்தாறு வயதில் தறி மிதிப்பவருடைய நாரில் சிறிதளவு வலிமை குறைந்தாலும் அது சிறிய நஷ்டம் அன்று.

நூலுக்கும் நாருக்கும் உள்ள ஒப்புமை இவ்வளவோடு நின்றுவிடுகிறது. தறியில் ஏறிய பாவு தேய்வதன்றி வளர்வதில்லை. பிணைநாரோ உயிருள்ள பொருள். அதன் இழைகளுக்கிடையே நுண்ணிய உயிரணுக்கள் அமர்ந்து, பழைய கொலாஜனைக் களைந்து புதியதை ஓயாமல் நூற்றுக்கொண்டிருக்கின்றன. இரத்த ஓட்டம் அங்கு குறைவாதலால் அவ்வேலை மெல்லவே நடைபெறும். சுளுக்கிய முழங்கால் முறிந்த எலும்பைவிடத் தாமதமாகத் தேறுவது பல சமயங்களில் இக்காரணத்தாலேயே. ஊசி மருந்து போய்த் தொடுவதும் இந்த நூற்கும் அணுக்களையே.

ஊசி வந்த வரலாறு

1948-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ராச்செஸ்டர் நகரிலுள்ள மேயோ மருத்துவ நிலையத்தில், முடக்குவாதத்தால் முடங்கிக் கிடந்த ஓர் இளம்பெண்ணுக்குப் பிலிப் ஹென்ச் என்ற டாக்டர் ஒரு புதிய மருந்தைச் செலுத்தினார். சில நாட்களில் அப்பெண் எழுந்து நடமாடினார். பின்னர் கார்டிசோன் எனப் பெயர் பெற்றது அம்மருந்து. ஹென்ச், அவருடைய சகாவான ரசாயன அறிஞர் கெண்டல், சுவிட்சர்லாந்து நாட்டில் பணியாற்றிய ரைக்ஸ்டீன் ஆகிய மூவருக்கும் 1950-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. 1951-இல் பிலடெல்பியா நகரத்து டாக்டர் ஹாலண்டரும் அவர் சகாக்களும் இவ்வினத்தைச் சேர்ந்த ஹைட்ரோகார்டிசோனை நேரே மூட்டுக்குள் செலுத்தும் முறையை வெளியிட்டார்கள். இன்று முழங்காலில் போடப்படும் மீத்தைல்பிரெட்னிசொலோன், டிரையாம்சினொலோன் முதலியவை இக்குடும்பத்தின் வழித்தோன்றல்களே. பொதுவில் ஸ்டீராய்டு என்று வழங்கப்படுகின்றன.

இம்மருந்து அழற்சியை அடக்குகிறது, சவ்வின் வீக்கம் வடிகிறது, வலி குறைகிறது. பெரும்பாலோர்க்கு அந்தச் சுகம் சில வாரங்கள் நிற்கும். இதில் ஐயமில்லை. ஆனால் அழற்சியை அடக்கும் அதே ஆற்றல், கொலாஜன் நூற்கும் அணுக்களின் வேலையையும் தாழ்த்துகிறது. வீட்டில் கூச்சலிடுவோரை அடக்க வந்தவர், மூலையில் அமர்ந்து நூல் நூற்றுக்கொண்டிருந்த பாட்டியின் இராட்டினத்தையும் நிறுத்திவிட்டதைப் போன்றதாகும்.

அளந்து கண்டவை

கனடா நாட்டில் கென்னடி, வில்லிஸ் என்னும் இருவர் 1976-இல் வெளியிட்ட ஆராய்ச்சி முதலில் கவனிக்கத்தக்கது. முயலின் குதிகால் நாணுக்குள் ஸ்டீராய்டைச் செலுத்தி, நாள் கணக்கில் அதன் அறுபடும் வலிமையை அளந்தார்கள். தசையை எலும்போடு சேர்ப்பது நாண். பிணைநாரும் அதுவும் ஒரே கொலாஜனால் ஆனவை. ஊசி போட்ட இரண்டாம் நாளிலேயே வலிமை குறைந்திருந்தது. ஊசி பட்ட இடத்தில் அணுக்கள் மடிந்திருந்தன. பதினான்கு நாட்களில் வலிமை பழைய நிலையை எட்டியது. ஆகவே இரண்டு வாரத்துக்குக் கடினமான உழைப்புக் கூடாது என்பது அவர்களுடைய முடிவு. நமது அங்கத்தினர் மறுநாளே தறியில் இறங்கியதை இங்கே நினைவுகூர வேண்டும்.

அடுத்த ஆண்டில், அமெரிக்காவில் நோயஸ் என்ற டாக்டரும் அவர் குழுவினரும் குரங்குகளின் முழங்காலை எடுத்துக்கொண்டார்கள். இங்கே மருந்து நாருக்குள் அன்று, மூட்டின் உள்வெளியில் செலுத்தப்பட்டது. நமக்குப் போடப்படுவதும் அப்படியே. அவ்வாறு செலுத்தியும் முன்குறுக்குப் பிணைநாரின் வலிமை குறைந்தது. மருந்தின் அளவு மிக மிகக் குறைவும் கூடியது. 1990-களில் பேடேல் முதலானோர் முயல்களில் செய்த சோதனையிலோ, காயமுற்ற உட்பக்கப் பிணைநாரில் இம்மருந்தைச் செலுத்தியபோது, ஆறும் நார் செலுத்தாத நாரைவிட வலிமை குன்றியே காணப்பட்டது.

விலங்குகளுக்கு ஆனது மனிதருக்கும் அதே அளவில் ஆகும் என்று சாதிப்பதற்கில்லை. உயிருள்ள மனிதரின் நாரை இயந்திரத்தில் பூட்டி இழுத்துப் பார்க்க முடியாதல்லவா? எனினும் குருத்தெலும்பைப் பற்றி மனிதரிடமே செய்த சோதனை உண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து மக்காலிண்டன் குழுவினர் 2017-இல் வெளியிட்டது அது. முழங்கால் தேய்வுள்ள 140 பேரில் பாதிப் பேருக்கு 40 மில்லிகிராம் டிரையாம்சினொலோனும், மற்றப் பாதிப் பேருக்கு வெறும் உப்புநீரும் பன்னிரண்டு வாரத்துக்கு ஒருமுறையாக இரண்டு ஆண்டுகள் செலுத்தப்பட்டன. மருந்து பெற்றோரின் குருத்தெலும்பு சராசரியாக 0.21 மில்லிமீட்டர் மெலிந்தது. உப்புநீர் பெற்றோருக்கு 0.10 மில்லிமீட்டரே. வலியிலோ இரு சாராருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. வலியை மூன்று மாதத்துக்கொருமுறையே அளந்ததால், முதற்சில வாரங்களில் கிடைத்திருக்கக்கூடிய சுகம் இக்கணக்கில் ஏறவில்லை என்பதையும் நேர்மைக்காகச் சொல்லிவிட வேண்டும்.

பம்பு செட் வைத்திருக்கும் விவசாய அங்கத்தினர்களுக்கு ஒரு வார்த்தை. மோட்டார் அளவுக்கு மீறி இழுக்கும்போது பியூஸ் எரிந்து போகிறது. சிலர் அவசரத்தில் அந்த இடத்தில் கனத்த கம்பியை முறுக்கிவிட்டு நீர் இறைப்பதை நாம் பார்த்திருக்கிறோம். தண்ணீர் வரத்தான் செய்கிறது. காயில் எரிந்த பிறகே கம்பியின் விலை தெரிகிறது. முழங்காலின் வலி, இனி மிதிக்காதே என்று சொல்லும் பியூஸ். ஊசி அந்தச் சொல்லை நிறுத்துகிறது. நார் வலிமை குன்றியிருக்கும் அதே நாட்களில் எச்சரிக்கையும் ஒலிப்பதில்லை என்பதுதான் இதில் உள்ள அபாயம்.

நிற்க. ஊசியே வேண்டாம் என்று எவரும் விளங்கிக்கொள்ளலாகாது. முடக்குவாதத்தால் மூட்டு கொதித்து வீங்கிய நிலையிலும், தேய்வுள்ள முழங்கால் திடீரென வீங்கி நடக்கவொட்டாத நிலையிலும், தகுதி பெற்ற டாக்டர் சுத்தமாகப் போடும் ஒற்றை ஊசி பெரிய உபகாரம். அதனால் கிடைக்கும் சில வாரங்களில் காலுக்குப் பயிற்சி கொடுத்து வலுவேற்றிக்கொள்ளலாம். டாக்டர்கள் பொதுவாக மூன்று மாதத்துக்குள் அதே மூட்டில் மறுமுறை போடுவதில்லை. நீரிழிவுள்ளவர்களுக்கு ஊசிக்குப் பின் சில நாட்கள் இரத்தச் சர்க்கரை ஏறும். முன்கூட்டியே சொல்லிவிடுதல் அவசியம். ஊசிக்குப் பின் காய்ச்சலோ, மூட்டில் சிவப்போ, நாளுக்கு நாள் மிகும் வலியோ கண்டால் மூட்டுக்குள் சீழ் பிடிப்பதாக இருக்கலாம். அரிதாக நேர்வதுதான், ஆயினும் அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

சிற்றூர்களில் தகுதியற்றோர் இடுப்பில் போடும் ‘வலி ஊசி’ வேறு விஷயம். அதிலும் பல சமயம் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. அது உடம்பு முழுவதும் பரவுவதால், அடிக்கடி போட்டுக்கொள்வோருக்கு எலும்பு மெலிதல், இரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் சேர்ந்து வரும். இதைப் பற்றி எனக்குள்ள அபிப்பிராயத்தைக் கடுமையாகவே சொல்லலாம். ஏடு அச்சேற வேண்டும் என்பதற்காக விட்டுவிடுகிறேன்.

ஸ்டீராய்டு அல்லாத ஊசிகளும் இன்று விற்பனைக்கு வந்துள்ளன. நம்முடைய இரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, அதில் உறைவணுக்கள் செறிந்த பகுதியை முழங்காலில் செலுத்தும் முறை ஒன்று. செலவு அதிகம். ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் நடத்தி 2021-இல் வெளியான சோதனையில், ஓராண்டு கழித்து வலியிலும் குருத்தெலும்பிலும் உப்புநீர் ஊசிக்கு மேலான பலன் அதற்குக் காணப்படவில்லை. நகையை அடகு வைத்து இதற்குச் செல்ல நினைக்கும் அங்கத்தினர் இதை அறிந்திருப்பது நலம்.

ஓய்வும் பயிற்சியும்

அப்படியானால் காலை அசைக்காமல் வைத்திருப்பதே உத்தமம் என்று தோன்றலாம். அதுவும் தவறு. மேலே சொன்ன நோயஸ் 1970-களில் செய்த மற்றொரு சோதனையில், எட்டு வாரம் அசைவற்றுக் கட்டிவைக்கப்பட்ட குரங்குகளின் முன்குறுக்குப் பிணைநார் தன் வலிமையில் 39 சதவிகிதத்தை இழந்தது. கட்டவிழ்த்து ஐந்து மாதம் கழித்தும் அது முழுமையாக மீளவில்லை. இழுவை இருந்தால்தான் நூற்கும் அணுக்கள் வேலை செய்யும்; அளவு மீறினால் நார் அறும். இரண்டுக்கும் நடுவே அளவறிந்து உழைப்பதே வேண்டுவது.

அந்த அளவான இழுவையைத் தருவது பயிற்சி. அமெரிக்க ராணுவ மருத்துவமனைகளில் 156 பேரை இரு கூறாக்கி, ஒரு சாராருக்கு ஸ்டீராய்டு ஊசியும் மற்றவர்க்கு இயன்முறைப் பயிற்சியும் அளித்த சோதனையின் முடிவு 2020-இல் வெளியாயிற்று. வலியையும் இயலாமையையும் 240 மதிப்பெண்ணுக்குக் கணக்கிட்டார்கள். குறையக் குறைய நல்லது. ஓராண்டின் முடிவில் ஊசி பெற்றோருக்கு 55.8, பயிற்சி பெற்றோருக்கு 37.0.

பயிற்சி கடினமானதன்று. கட்டிலின் விளிம்பிலோ திண்ணையிலோ அமர்ந்து, ஒரு காலை மெல்ல நீட்டி, தொடைத் தசை இறுகும்படி ஐந்து எண்ணும்வரை நிறுத்தி, மெல்லத் தாழ்த்த வேண்டும். காலுக்குப் பத்து முறை, காலையும் மாலையும். தொடைத் தசை வலுத்தால் பிணைநாரின் பாரம் குறையும். முழங்கால் வீங்கியிருந்தாலும், நடக்கும்போது மடங்கி விட்டாலும், டாக்டரைக் கண்ட பிறகே தொடங்க வேண்டும். தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து அளிக்கும் இயன்முறைச் சிகிச்சையும் சேர்க்கப்பட்டது. நெசவாளர் மணிக்கொருமுறை குழியை விட்டு ஏறிச் சற்று நடந்து வரலாம். களை பறிக்கும் பெண்கள் நாள் முழுதும் குந்தியிராமல் சிறு பலகை மீது அமர்ந்து செய்யலாம்.

ஊசி போட்டேயாக வேண்டுமென்றால், ‘என்ன மருந்து, எவ்வளவு, எந்தத் தேதி’ என்பதைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். கூலியில் ஐந்து ரூபாய் குறைந்தால் வவுச்சர் கேட்கும் நாம், உடம்புக்குள் போவதற்கு ஏன் கேட்கலாகாது?

நிர்வாகக் குழுவினருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஊசி போட்டுக்கொண்டவர் இரண்டு வாரம் மிதிக்கலாகாது என்று எழுதுவது எளிது. அந்த இரண்டு வாரக் கூலி எங்கிருந்து வரும்? இதற்கு விடை காணாத உபதேசம் வீண். துணை விதிகள் இடந்தருமாயின், பொது நலத்துக்கென ஒதுக்கிய தொகையிலிருந்து சிறு முன்பணம் அளித்து, பின்வரும் கூலியில் தவணையாகப் பிடித்துக்கொள்ளலாம். பண்டிகைக் கெடு வைக்கும்போது, மருத்துவச் சீட்டுக் கொண்டுவருவோருக்குக் கெடுவைத் தள்ளித் தரலாம். தொடக்கத்தில் கூறிய சங்கத்தில், சென்ற மகாசபைக்குப் பின் கூடிய குழு இவ்விரண்டையும் தீர்மானமாக எழுதியது. இதுவரை மூவர் முன்பணம் பெற்றுள்ளனர். இருவர் திருப்பிச் செலுத்திவிட்டார்கள். தணிக்கையில் ஆட்சேபம் வருமோ என்று செயலாளர் அஞ்சினார். தீர்மானமும் சீட்டும் கோப்பில் இருப்பதால் நான் எழுப்பவில்லை.

அந்த அங்கத்தினரின் தறியில் இப்போது அவர் மகன் அமர்ந்திருக்கிறான். தந்தை பக்கத்தில் நாற்காலியிட்டுத் தார் சுற்றுகிறார். கூலிப் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே மறுபடியும் எண்கள் எழுதப்படுகின்றன. முன்பிருந்ததில் கால் பங்குகூட இல்லை.